பேட்டரி வண்டியின் கொள்ளளவும் ‘மீதி கி.மீ.’ கணக்கும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்திலிருந்து கும்பகோணத்திற்கு, போக சுமார் 15 கி.மீ., வர சுமார் 15 கி.மீ. என்று நான்கு ஆண்டுகளாகப் பேட்டரி ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்குப் பின் எங்கள் தெருவில் வண்டி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்ட கேள்விகளையும், அவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில்களையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். ஆனால், வண்டி காட்டும் எண்ணை அப்படியே நம்பி இருமுறை நடுவழியில் நின்ற அனுபவம் உண்டு.

பேட்டரியின் மேல் 60 வோல்ட், 30 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதில் எது கொள்ளளவு?

தனித்தனியே இரண்டுமே அல்ல. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கொள்ளளவு. 60 × 30 = 1800 வாட்-மணி. மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி என்பதால், இந்தப் பேட்டரிக்குள் 1.8 யூனிட் மின்சாரம் அடங்கும் என்று பொருள்.

நம் பகுதியில் இதைப் புரியவைப்பது எளிது. ஜூன் மாதம் நெருங்கினால் எல்லோரும் காலையில் முதலில் பார்ப்பது மேட்டூர் நிலவரத்தைத்தான்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வெளியேற்றம் விநாடிக்கு இத்தனை கன அடி. பேட்டரியிலும் இதே மூன்று எண்கள்தாம். வோல்ட் என்பது அடி. ஆம்பியர் என்பது கன அடி. வாட்-மணி என்பது டி.எம்.சி. அணையின் முழு உயரம் 120 அடி, முழு இருப்பு 93.47 டி.எம்.சி.; ஆனால் நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி.தான். உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது, தண்ணீரிலோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துவிட்டது. அடியை மட்டும் பார்த்து இருப்பைச் சொல்ல முடியாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். வோல்ட்டை மட்டும் பார்த்துச் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாததும் அதே காரணத்தால்தான்.

கடையில் ஏ.எச். எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதும் தவறு. 48 வோல்ட் 30 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1440 வாட்-மணி. 60 வோல்ட் 26 ஏ.எச். பேட்டரியில் 1560. ஏ.எச். குறைவாக உள்ள இரண்டாவதுதான் பெரிய பேட்டரி.

டிஸ்பிளேயில் தெரியும் கட்டங்களோ சதவீதமோ எதை அளந்து காட்டுகின்றன?

மிச்சமிருக்கும் மின்சாரத்தை நேராக அளக்கும் கருவி எதுவும் பேட்டரிக்குள் இல்லை. காட்டப்படுவது ஓர் ஊகம். விலை குறைந்த வண்டிகளில் ‘பாயிண்ட்’ என்று நாம் சொல்லும் அந்தக் கட்டங்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏறி இறங்குகின்றன; அதாவது அடிக்கோலைப் பார்த்து இருப்பைச் சொல்கிறார்கள். சற்று விலை கூடிய வண்டிகளில் பி.எம்.எஸ். என்னும் காவல் பலகை, உள்ளே வந்த ஆம்பியரையும் வெளியே போன ஆம்பியரையும் விநாடிதோறும் கூட்டிக் கழித்து வைத்துக்கொள்கிறது. வரத்தையும் வெளியேற்றத்தையும் பதிவேட்டில் எழுதி இருப்பு காண்பதைப் போல. இரண்டாவது முறை மேலானது. ஆயினும் நாள்தோறும் சிறு பிழைகள் சேர்ந்து கணக்கு மெல்ல நழுவும். பேட்டரி முழுதாக நிரம்பும்போதுதான் பதிவேடு மறுபடி நேராகிறது.

அணைக்கரைப் பாலத்துக்கு ஏறும்போது கட்டம் குறைகிறது. சமதளத்துக்கு வந்ததும் திரும்பி வந்துவிடுகிறது. பேட்டரியில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் சிறு தடையினால் அந்த நேரத்துக்கு மட்டும் வோல்ட் தாழ்கிறது. உள்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 40 ஆம்பியர் இழுக்கும்போது 4 வோல்ட் இறங்கும். 60 வோல்ட் லித்தியம் பேட்டரி நிறைவிலிருந்து காலியாகும் வரை மொத்தம் இறங்குவதே ஏறத்தாழ 19 வோல்ட். ஆகவே ஐந்து கட்டங்களில் ஒன்றை அணைத்துவிட இந்த 4 வோல்ட் போதும். கையைத் தளர்த்தியதும் வோல்ட் எழும், கட்டமும் திரும்பும்.

உண்மையில் பாலம் ஏறுவதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. ஆளும் வண்டியுமாக 180 கிலோவை 6 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டியது சுமார் 3 வாட்-மணி. மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 4. டெல்டா முழுவதும் தட்டையான பூமி என்பதால், மலைப்பாதைக்காரர்கள் கவலைப்படும் ஏற்றக் கணக்கு நமக்குத் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிதில் ஒரு கட்டம் குறைந்த அதே பாலத்தில், அதே வேகத்தில், இரண்டாண்டு கழித்து இரண்டு கட்டங்கள் குறைந்தால் உள்தடை ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. பேட்டரியின் வயதைச் சொல்வதற்கு இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

‘60 வோல்ட்’ பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தால் 67 காட்டுகிறது. அதிகமாகச் சார்ஜ் ஏறிவிட்டதா?

இல்லை. 60 என்பது பெயருக்குச் சொல்லும் சராசரி. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்.எம்.சி. வகை லித்தியம் செல் ஒன்று நிறைவில் 4.2 வோல்ட்டும் சராசரியாக 3.6 அல்லது 3.7 வோல்ட்டும் காட்டும். 16 செல்களைத் தொடராக இணைத்த பேட்டரி முழுச் சார்ஜில் 67.2 வோல்ட் காட்டுவது முறையானது. 48 வோல்ட் என்று விற்கப்படும் 13 செல் பேட்டரி நிறைவில் 54.6 காட்டும்.

அண்ணன் வண்டியில் சார்ஜ் சீராக இறங்குகிறது. என் வண்டி வெகுநேரம் ஒரே இடத்தில் நின்று, கடைசியில் மடமடவென்று இறங்குகிறது. ஏன்?

உங்களுடையது எல்.எஃப்.பி. பேட்டரியாக இருக்கலாம். இரும்பு பாஸ்பேட் சேர்ந்த இந்த வகைச் செல், 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்கும்போதும் 3.3 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுகொள்ளும். 20 செல் சேர்ந்த பேட்டரியில் அந்த நீண்ட இறக்கம் முழுவதற்கும் ஏறத்தாழ இரண்டு வோல்ட்தான் வித்தியாசம். மேட்டூர் உவமை இங்கே உச்சத்துக்கே போய்விடுகிறது: தண்ணீரில் பெரும்பகுதி போனபின்னும் அடிக்கோல் அசையாத விசித்திரமான குளம் இது. வோல்ட்டைப் பார்த்துக் கட்டம் காட்டும் டிஸ்பிளே இந்தப் பேட்டரியில் ஏமாறத்தான் செய்யும்.

பேட்டரி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல, எல்.எஃப்.பி. தீப்பிடிக்கும் அபாயத்தில் குறைந்தது, ஆயுளில் கூடியது. ஆனால் இந்த வகையை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் வரை ஏற்றி, சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் பி.எம்.எஸ். தன் பதிவேட்டைத் திருத்திக்கொண்டு செல்களையும் சமப்படுத்தும். என்.எம்.சி. வைத்திருப்பவர்கள் அன்றாடம் 80, 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆயுள் கூடும். இரண்டு வகைக்கும் அறிவுரை வேறு என்பதால், முதலில் உங்கள் பேட்டரி எது என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் 100 கி.மீ. என்றார்கள், 70 தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அந்த 100 பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் எடுத்த எண்ணாக இருக்கும். இந்திய ஓட்டச் சுழற்சி என்று ஒன்று உண்டு. சான்று பெறுவதற்கு வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்த முறைப்படி வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள். அந்தச் சுழற்சியில் அதிகபட்ச வேகம் மணிக்கு 42 கி.மீ., சராசரி ஏறத்தாழ 22 கி.மீ. அங்கே எதிர்க்காற்று கிடையாது, பின்னால் உட்காரும் ஆள் கிடையாது, பள்ளம் பார்த்து நிறுத்தி மறுபடி முறுக்கும் வேலையும் கிடையாது. எனவே அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது நம் சாலையின் எண்ணும் அல்ல. நான் யாருக்கும் சொல்வது, சான்றில் உள்ள எண்ணில் முக்கால் பங்கை மட்டும் நம்பி வண்டியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான்.

மற்றதைவிட வேகம்தான் இதைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கி.மீ.க்கும் காற்றைப் பிளக்க ஆகும் செலவு, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். சராசரி ஸ்கூட்டருக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கி.மீ.க்கு 15 வாட்-மணி அளவிலும், 40 கி.மீ. வேகத்தில் 25 வாட்-மணி அளவிலும் வருகிறது. பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத, 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் சிறிய வண்டிகள் சிறிய பேட்டரியிலேயே தூரம் போவதன் ரகசியம் இதுதான்.

என் வண்டி உண்மையில் எத்தனை வாட்-மணி பிடிக்கிறது, கி.மீ.க்கு எவ்வளவு குடிக்கிறது என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும், அதற்குச் சுவர்ப் பிளக்கில் செருகும் சிறிய யூனிட் மீட்டர் ஒன்று போதும். மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். இரவு முழுச் சார்ஜ் ஏற்றி, ஓடோமீட்டரை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டி, இரண்டாம் நாள் மாலை பேட்டரி ஏறத்தாழ முழுதும் இறங்கிய நிலையில் வீடு சேர்ந்தேன்; ஓடியது 58 கி.மீ. வண்டி அரை மணி ஆறிய பின் சார்ஜரை அந்த மீட்டரில் மாட்டினேன். விடியற்காலையில் பச்சை விளக்கு வந்தபோது மீட்டர் 1.62 யூனிட் காட்டியது.

சுவரிலிருந்து எடுத்ததெல்லாம் பேட்டரிக்குள் போய்ச் சேர்வதில்லை. சார்ஜர் சூடாவதே அதற்குச் சாட்சி. லித்தியம் வண்டிக்கு நூற்றுக்கு 12 பங்கு இழப்பு என்று கழித்தால், உள்ளே சேர்ந்தது சுமார் 1430 வாட்-மணி. பேட்டரி அட்டைப்படி வரும் 1800-உடன் ஒப்பிட்டால் 79 சதவீதம். அதாவது நான்கு ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விட்டது. 1430-ஐ 58-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு ஏறத்தாழ 25 வாட்-மணி. டிஸ்பிளே அன்று காலை 100 சதவீதம் என்றுதான் காட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த 100 என்பது இன்றைய பானை நிரம்பியிருக்கிறது என்று சொல்கிறதே ஒழிய, பானை சிறுத்துவிட்டதை அது சொல்லாது.

இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஓரிரு முறை செய்தால் போதும். அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவது பேட்டரிக்கு நல்லதல்ல.

‘மீதி கி.மீ.’ எண் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத் தாவுகிறதே?

மிச்சம் இருப்பதாக ஊகித்த வாட்-மணியை, சற்றுமுன் ஓட்டிய தூரத்தின் சராசரிச் செலவால் வகுத்துத்தான் பெரும்பாலான வண்டிகள் அந்த எண்ணைக் காட்டுகின்றன. மகாமகக் குளத்தைச் சுற்றி நெரிசலில் மெதுவாக ஊர்ந்துவிட்டுப் பார்த்தால் எண் கூடியிருக்கும். தஞ்சாவூர்ச் சாலையில் பத்து நிமிடம் விரட்டிவிட்டுப் பார்த்தால் குறைந்திருக்கும். வரப்போகும் சாலையைப் பற்றி வண்டிக்கு எதுவும் தெரியாது. ஓட்டும் முறைப் பொத்தானை மாற்றியதும் எண் மாறுவதும் இப்படித்தான். அந்த நொடியில் பேட்டரிக்குள் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆடிக் காற்றில் வண்டி சீக்கிரம் இறங்குகிறது என்பது உண்மையா?

உண்மை, நான் நடுவழியில் நின்ற இருமுறையில் ஒருமுறை ஆடி மாதத்தில்தான். டெல்டாவில் அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பாபநாசத்திலிருந்து கும்பகோணம் கிழக்கே இருப்பதால், காலையில் காற்று முதுகைத் தள்ளும்; மாலையில் மார்பில் அடிக்கும். 40 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது 15 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து வந்தால் கி.மீ.க்கு ஆகும் செலவு 25-லிருந்து 15 வாட்-மணியாகக் குறைகிறது. முன்னாலிருந்து வந்தால் 40 அளவுக்கு உயர்கிறது. காலைப் பயணத்துக்கு 225 வாட்-மணி, மாலைப் பயணத்துக்கு 600. காலையில் மிச்சமான 150 போக, மாலையில் கூடுதலாகச் செலவாவது 225 என்பதால், காற்று போக வர ஈடுகட்டிவிடும் என்ற நினைப்பும் சரியல்ல.

அன்று நான் செய்த தவறு, காலையில் குறைவாகத்தானே இறங்கியது என்று அலுவலகத்தில் சார்ஜ் போடாமல் விட்டதுதான். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ஆனி, ஆடியில் திரும்பும் பயணத்துக்கு, போனபோது ஆனதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு ஒதுக்குங்கள். இல்லையேல் வேகத்தை 25-க்குக் குறைத்துக்கொண்டு பொறுமையாக வாருங்கள். கட்டாயம் வீடு சேரலாம்.

நெல் மூட்டை ஏற்றினால் எவ்வளவு குறையும்?

பயப்படும் அளவுக்குக் குறையாது. சமதளத்தில் எடை கூடுவது டயரின் உருளுதடையைத்தான் கூட்டும். 50 கிலோ கூடினால் கி.மீ.க்கு இரண்டு, மூன்று வாட்-மணி அதிகமாகும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் அதே அளவு நட்டம் வரும், அதுவும் நாள்தோறும். வாரம் ஒருமுறை காற்றுப் பிடிப்பதை யாரும் செய்வதில்லை என்பதுதான் என் குறை.

பழைய ஈய பேட்டரி வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

ஓரளவுக்குத்தான். நான்கு அல்லது ஐந்து 12 வோல்ட் பெட்டிகளை வரிசையாக இணைத்த வண்டிகளில், அட்டையில் உள்ள ஏ.எச். எண் 20 மணி நேரம் மெல்ல மெல்ல இறக்கி அளந்ததாக இருக்கலாம். நாமோ இரண்டு மணி நேரத்தில் காலி செய்கிறோம். ஈய பேட்டரியில் வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்தமே சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு வரை குறைவது சாதாரணம். தவிர, இறங்கிய நிலையில் நாள் கணக்கில் நிறுத்திவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். ஊருக்குப் போவதற்கு முன் ஈய பேட்டரியை முழுதும் ஏற்றிவிட்டுப் போங்கள். லித்தியத்தைப் பாதியில் விட்டுப் போங்கள். ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டவர்கள் பழைய சார்ஜரையே பயன்படுத்துவது ஆபத்து.

சித்திரை வெயிலில் சார்ஜ் போடலாமா?

பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது மேல்வரம்பு 45 டிகிரி. வெளியே 39 டிகிரி அடிக்கும் மதியத்தில் ஓட்டி வந்து, தகரக் கொட்டகையின் கீழ் உடனே மாட்டினால் பேட்டரி அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். நல்ல பி.எம்.எஸ். சார்ஜை மெதுவாக்கும் அல்லது மறுக்கும். சார்ஜ் ஏறவில்லை என்று வரும் புகார்களில் சில இப்படிப்பட்டவையே. வேப்ப மரத்தடியில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள். குளிரில் தூரம் குறையும் என்று படித்துவிட்டு மார்கழிக்குக் கவலைப்பட வேண்டாம். நம் ஊர் மார்கழி பேட்டரிக்கு இதமான பருவம்.

இரவு முழுதும் மாட்டியும் காலையில் 70தான் இருந்தது. ஏன்?

இரவில் மின்சாரம் நின்றதா என்று முதலில் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வீட்டு மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தாலும் சார்ஜர் நின்றுவிடும்.

18 சதவீதம் காட்டும்போதே வண்டி நின்றுவிட்டது. இது எப்படி?

செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மற்றவற்றில் இருப்பு இருந்தாலும் ஒரே ஒரு நலிந்த செல் முதலில் காலியானவுடன் பி.எம்.எஸ். மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். தலைமடையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, கடைமடையும் பாய்ந்திருக்கும் என்று நினைப்பதைப் போன்றதுதான் அந்த 18. முழுச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் மாட்டியே வைத்து இரண்டு மூன்று முறை பாருங்கள்; செல்கள் சமப்பட்டுச் சரியாகலாம். அதன் பிறகும் நின்றால் சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் உத்தரவாதத்தில் கோருவதற்கு அந்தத் தாள்தான் உங்கள் ஆதாரம்.

நாகை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் செல்லைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரி இணைப்பு முனைகளைப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் பச்சை பூத்த முனை தடையைக் கூட்டும். முறுக்கும்போது வோல்ட் படுக்கும். நல்ல பேட்டரியே கிழட்டுப் பேட்டரி போலக் காட்டும்.

பழைய பேட்டரி வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது?

டிஸ்பிளேயைக் காட்டி 100 சதவீதம், 90 கி.மீ. என்பார்கள்; அதைப் பார்க்காதீர்கள். முழுச் சார்ஜில் வண்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் வழக்கமான வேகத்தில் 20 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு யூனிட் மீட்டர் வழியே மறுபடி நிரப்புங்கள். அரை யூனிட்டுக்குச் சற்று மேல் காட்டினால் வண்டியின் ஓட்டம் சரி. முக்கால் யூனிட்டைத் தொட்டால் பிரேக் உரசுகிறதா, டயர் எப்படி என்று பாருங்கள். அந்த 20 கி.மீ.க்குச் சதவீதம் எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து பேட்டரியின் இன்றைய அளவு தெரியும்: உள்ளே சேர்ந்தது 500 வாட்-மணி, இறங்கியது 40 சதவீதம் என்றால், இன்றைய கொள்ளளவு சுமார் 1250. அட்டையில் 1800 என்று இருந்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள். கூடவே, பேட்டரி மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால், பேட்டரியின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 சான்று உள்ளதா என்று பாருங்கள். வெளியில் கட்டிக்கொடுத்த, சான்று இல்லாத பேட்டரி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்க மாட்டேன்.